சிவப்பு போன கிட்டார்

ஆம்பூர்
கார்த்திகை 3, புதன்கிழமை

அன்பு மகள் கலையரசிக்கு உன் சித்தப்பா சம்பந்தம் எழுதுறது. நானும் உன் சித்தி சாவித்திரியும் இங்க ஒருவழியா சுகமா இருக்கோம், நீ அந்த அயர்லாந்து குளிர்ல காலுக்கு ரெண்டு சாக்ஸ் போட்டுக்கினு, டூட்டிக்குப் போற அவசரத்துல வெறும் பிரட்ட மென்னுட்டு ஓடாம, நேரத்துக்குச் சோறு தின்னு நல்லா இருக்கணும்னு உன் சித்தி தினம் விளக்கு ஏத்தும்போது வேண்டிக்கிறா, நானும் பின்னாடி நின்னு தலையாட்டிட்டு வர்றேன். இந்தக் கடிதத்தக் கிட்டார் பெட்டிக்குள்ள மேலாப்புல வெச்சி அனுப்பறேன். அங்க கிளம்பி வர்ற ஹமீத் பாய் பொண்ணு சஹர் உன் கையில பெட்டியக் குடுத்ததும் முதல்ல இதப் படி, அப்புறம் துணியப் பிரி. ஏன்னா போட்டோவுல நீ பார்த்த சிவப்புக் கிட்டார் உள்ள இல்ல. கிட்டார் இருக்குது, உனக்காக வந்த அதே இடதுகை பேஸ் கிட்டார்தான், சிவப்புதான் போயிடுச்சி. அதுல மழையோட தப்பு கொஞ்சம், அந்த லேக்கர் பெயிண்ட் டின்னோட தப்பு ஜாஸ்தி, என் தப்பும் ஏதோ ஒரு ஓரத்துல இருக்கலாம், படிச்சிட்டு நீயே சொல்லு. போன்ல சொல்லாம இன்னாத்துக்குக் கடிதம்னு கேப்பே. போன்ல உன் குரலக் கேட்டா எனக்கு வாய் தானா நீளுது, நீ அப்புறம் சித்தப்பா, அப்புறம் சித்தப்பான்னு கேக்கக் கேக்க நானும் சேர்த்துக்கினே போவேன். எழுதுறப்ப அப்படி ஓடல. எட்டாவது படிச்ச கை, ஒரு வரி முடிக்கறதுக்குள்ள களைச்சிப் போவுது, பொய்க்குன்னு தனியா ரெண்டு வரி எழுதத் தெம்பு இல்ல. அதுவுமில்லாம உன் சித்தி படிச்சிப் பார்த்துட்டுதான் பெட்டிய மூடுவேன்னு சொல்லியிருக்கா.

இங்க மழை விட்டபாடில்ல. பாலாத்துல தண்ணி போவுது, ஜனம் பாலத்து மேல வண்டிய நிறுத்திட்டு வேடிக்கை பார்க்குது, போலீஸ்காரர் விசில் ஊதி ஊதி ஓஞ்சிட்டாரு. நம்ம பின்கட்டு ஷீட்டு ரெண்டு இடத்துல ஒழுவுது, பக்கெட் வெச்சிருக்கோம். நானே ஏறிச் சரிபண்ணியிருப்பேன், ஏணியில நாலு படி ஏறினதும் மூச்சு வாங்கிச்சி, உன் சித்தி கீழ இருந்து போட்ட சத்தத்துல இறங்கிட்டேன். பயப்படாத, டாக்டர் பார்த்துட்டாரு. முப்பத்தோரு வருஷம் தோலுக்கு ஸ்ப்ரே அடிச்ச நெஞ்சு இவ்வளவு நாள் தாங்கினதே பெரிசு, இந்த ஜில்லாவுலயே இப்படி ஒரு நெஞ்ச நான் பார்த்ததில்லன்னு சொன்னாரு. ஜில்லான்னு வாயால சொல்லல, ஆனா அப்படித்தான் பார்த்தாரு. மாத்திரை எழுதியிருக்காரு, மாஸ்க் போடச் சொல்லியிருக்காரு, போடறேன். கம்பெனியில புது மிஷின் வந்துடுச்சி. தோலப் பெல்ட்டு மேல பரப்பினா போதும், கண்ணு மாதிரி ஒண்ணு மேல இருந்து பார்த்து எங்க தோல் இருக்குதோ அங்க மட்டும் வர்ணம் அடிக்குது. என்ன இப்ப அந்த மிஷினுக்குப் பொறுப்பா போட்டிருக்காங்க, நான் இல்லன்னா அது ஓடாது. வேலைன்னு பார்த்தா அதுல வர்ணம் பீச்சற பதினாறு நாசிலயும் தின்னர் துணியால துடைக்கறதுதான். பதினாறாவத துடைச்சி நிமிர்ந்தா முதல் நாசில் மறுபடி அடைச்சிக்கினு இருக்கும், மறுபடி குனியணும். சாயந்திரம் வீட்டுக்கு வந்தா உன் சித்தி ஷூவோட மேல்தோல் தைச்சிக்கினு இருப்பா, ஒரு நாளைக்கு இருபது ஜோடி, விரல்ல துணி சுத்திக்கினுதான் ஊசி புடிக்கிறா. சாப்பிட்டுட்டு டிவி போட்டா ரெண்டு பேரும் உக்காந்தபடி தூங்கிடறோம், டிவிதான் எங்களப் பார்த்துக்கினு இருக்குது. களைப்பு கண்ணு, வேற ஒரு வியாதியும் இல்ல.

சரி, கிட்டார் விஷயம். ஆடி மாசம் நீ போன்ல சொன்னே, உன் கூட முதியோர் இல்லத்துல வேலை செய்யற நர்ஸ் பொண்ணுங்களும் ஒரு பஸ் டிரைவரும் சேர்ந்து பாட்டுக் குழு வெச்சிருக்கோம், டிசம்பர் ஆறாம் தேதி ஊர் மண்டபத்துல முதல் தடவையா மேடை ஏறப் போறோம்னு. உனக்குப் பேஸ் கிட்டார். ஆனா நீ இடதுகை, அங்க இரவல் கிடைக்கிறதெல்லாம் வலதுகை, தலகீழா புடிச்சிப் பழகறேன், கம்பி வரிசை மாறிப் போயி விரல் குழம்புது, மேடையில மானம் போயிடும் சித்தப்பான்னு சொன்னே. இடதுகைக்குன்னு பாகம் பாகமா பெட்டியில ஒரு கிட் வருது, நாமளே பூட்டி வர்ணம் அடிச்சிக்கணும், வில கம்மி, அத வாங்கி இங்கயே பண்ணிப் பார்க்கப் போறேன்னும் சொன்னே. நீ அத்தோட விட்டிருந்தே, நான்தான் விடல. வர்ணம் அடிக்கறதெல்லாம் ஒரு வேலையா, நான் அடிச்ச தோல ஜெர்மனிக்காரன் கண்ண மூடிக்கினு தடவிப் பார்த்து இது குழந்தை கன்னம்னு சொல்லி என் கையப் புடிச்சி முத்தம் குடுத்தான், நீ அங்க சமையல் கத்திய வெச்சிக்கினு ஒண்ணும் நோண்டாத, ஆம்பூர் அட்ரஸப் போடு, பத்தே நாள்ல கடைச் சரக்கு மாதிரி முடிச்சிக் குடுக்கறேன்னு சொன்னேன். உங்களுக்கு மூச்சு வாங்குதே சித்தப்பா, வேணாமேன்னு சொன்னே. நான் சிரிச்சேன். அந்தச் சிரிப்ப இப்ப நினைச்சா எனக்கே பேஜாரா இருக்குது.

இடதுகை விஷயத்துல நான் எப்பவும் உன் பக்கம்தான், அது உனக்குத் தெரியும். அண்ணனும் அண்ணியும் போனப்புறம் ஆறு வயசுல நீ எங்க வீட்டுக்கு வந்தே, வந்த மாசமே டீச்சர் இடதுகை விரல் மேல ஸ்கேலால அடிச்சாங்கன்னு அழுதுக்கினு நின்னே. நான் ஸ்கூலுக்கே போனேன். டீச்சரம்மா, எங்க கம்பெனியில தோல இழுத்துக் கிளிப் போடற பலகைக்கு இந்தப் பக்கம் வலதுகை ஆளு நின்னா அந்தப் பக்கம் இடதுகை ஆளுதான் நிக்கணும், ஆள் கிடைக்காம முதலாளி வாணியம்பாடி வரைக்கும் அலையறாரு, இடதுகைக்குத் தினக்கூலி முப்பது ரூபா ஜாஸ்தி, புள்ள பொழப்பக் கெடுக்காதீங்கன்னு சொன்னேன். ஒரு பைசா ஜாஸ்தி கிடையாது, டீச்சருக்கு அது எப்படித் தெரியும். அதுக்கப்புறம் உன்ன யாரும் அடிக்கல. நான் கதை அளந்தது எல்லாமே கெட்டதுக்குப் போயிடலன்னு சொல்லத்தான் இத எழுதறேன்.

பெட்டி ஆவணி கடைசியில வந்து சேர்ந்துச்சி. தெருவே கூடிடுச்சி. தெருன்னா ஆறு பேரு. உள்ள வர்ணமில்லாத வெள்ளை மரத்துல உடம்பு, தனியா நீளக் கழுத்து, திருகற சாவி நாலு, கம்பி நாலு, சத்தத்தப் புடிக்கறதுக்குக் காந்தம் வெச்ச ரெண்டு கட்டை, ஒயரு, ஒரு பை நிறைய ஸ்க்ரூ. நம்ம மைக் செட் ஹமீத் பாயத் துணைக்குக் கூப்பிட்டேன். கல்யாணத்துக்கும் மீலாதுக்கும் ஸ்பீக்கர் கட்டிக் கட்டி அவருக்குக் காது பாதி போயிடுச்சி, ஆனா ஈயம் உருக்கி ஒயர் பத்த வைக்கிறதுல அவர் கை இன்னும் நிக்கும். கூட வந்த காகிதத்துல ஒரு பக்கம் இங்கிலீஷு, ஒரு பக்கம் சீன எழுத்து. நான் இங்கிலீஷ எழுத்துக் கூட்டிப் படிச்சேன், அவர் சீனத்தப் பார்த்துக்கினு இருந்தாரு, ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான் புரிஞ்சிது. கழுத்த முதல் தடவை பூட்டினப்ப ஒரு நூல் கோணலா போயி, ஓரக் கம்பி விளிம்ப விட்டுக் கீழ விழுந்துச்சி. ஹமீத் பாய் அரே சம்பந்தம், இது கிட்டாரா, கொடிக் கம்பியான்னு கேட்டாரு. அவுத்துப் பூட்டி, அவுத்துப் பூட்டி, நாலாவது தடவை நூல் புடிச்ச மாதிரி உக்காந்துச்சி. அவர் ஒயர் பத்த வெச்சாரு. பூட்டின வரைக்கும் ஒரு குறை இல்ல கண்ணு, அது ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச வேலை, அங்க நீ எந்த மேஸ்திரிகிட்ட வேணும்னாலும் காட்டு. மறுபடி எல்லாத்தையும் அவுத்து, உடம்பத் தனியா எடுத்து, வர்ணத்துக்கு வெச்சேன். அங்கதான் நான் தனியா போனேன்.

மரத்துக்கு எந்த லேக்கர்னு யாரையும் கேக்கல. நான் கேக்கறதா. கம்பெனி ஸ்டோர்ல செர்ரி சிவப்பு லேக்கர் ஒரு டின்னு அடியில கொஞ்சம் இருந்துச்சி, லேடீஸ் ஷூவுக்கு அடிக்கிறது, சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டு வாங்கினேன். ஞாயித்துக்கிழமை, ஷெட்டுல ஒருத்தரும் இல்ல. மிஷின் வந்ததுலேருந்து கையால அடிக்கிற ஸ்ப்ரே பூத்து ரூம் சும்மா கிடக்குது, ஒட்டடைய தள்ளிட்டு அதுல கட்டித் தொங்கவிட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சி ஸ்ப்ரே கன்னக் கையில எடுத்தேன் கலை. ஒரு கோட்டுக்கு மூச்சு வாங்கும், உக்காருவேன், அடுத்த கோட்டு. தோலுக்கு ரெண்டு கோட்டு போதும், நான் இதுக்கு ஏழு அடிச்சேன், பளபளப்பு ஆழமா தெரியணும்னு. கடைசிக் கோட்டுல, தடவினா கை வழுக்கிக்கினு போறதுக்குன்னு தோலுக்குக் கலக்கற சிலிக்கான் தண்ணி ஒண்ணு இருக்குது, அதையும் கலந்தேன். ஜெர்மனிக்காரன் தடவிப் பார்த்த வழவழப்பு அதுதான். ஈரம் காயறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ அன்னிக்கே கூப்பிட்டு, சித்தப்பா இது கண்ணாடி மாதிரி இருக்குது, எல்லாரும் நம்பவே மாட்டேங்கறாங்கன்னு சொன்னே. அப்புறம் உங்க நிகழ்ச்சி நோட்டீஸ்லயே அந்தப் போட்டோவப் போட்டு அச்சடிச்சி எனக்கு அனுப்பினே. நான் அத கம்பெனியில எல்லாருக்கும் காட்டினேன். காட்டும்போது கிட்டார் வீட்ல பிசுபிசுன்னு இருந்துச்சி.

ஆமா, அது காயல. ஒரு வாரம் ஆச்சி, தீபாவளி போச்சி, விரல் வெச்சா ரேகை விழுது. மழைக் காத்து, காஞ்சிடும்னு இருந்தேன். தூசி படாம இருக்கட்டும்னு என்னோட குடியாத்தம் லுங்கி ஒண்ண மேல போத்தி வெச்சேன், காலையில எடுத்தா லுங்கியோட நெசவு அப்படியே சிவப்பு மேல அச்சு விழுந்திருக்குது, கட்டம் கூட எண்ணலாம். தோல் மேல இந்த மாதிரி டிசைன் அச்சடிக்க கம்பெனியில தனியா ஒரு பிரஸ் மிஷினே இருக்குதுன்னு உன் சித்திகிட்டச் சொன்னேன். அவ சிரிக்கல. அப்பதான் மண்டையில ஏறுச்சி. தோல் மடங்கணும், நீட்டினா சுருக்கினா வெடிக்கக் கூடாது, அதுக்காகவே அந்த லேக்கர்ல இளக்கற எண்ணெய் கலந்து வருது. தோல் அத உள்ள இழுத்துக்கும். மரம் இழுக்கல. ஏழு கோட்டு எண்ணெய் மேலயே நின்னுடுச்சி. பத்து வருஷம் வெச்சாலும் அது காயாது. முப்பத்தோரு வருஷமா அந்த டின்ன மோந்து மோந்தே எந்த நம்பர்னு சொல்றவன் நான், இதுக்குள்ள இன்னா இருக்குதுன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. அந்த வாரம் நீ ரெண்டு தடவை போன் பண்ணினே. காஞ்சிடுச்சா சித்தப்பான்னு கேட்டே. கல்லு மாதிரி ஆயிடுச்சின்னு சொன்னேன். பக்கத்துல உக்காந்து தைச்சிக்கினு இருந்த உன் சித்தி ஊசிய நிறுத்திட்டு என்னப் பார்த்தா.

பைபாஸ் ரோட்டுல கார் பெயிண்டிங் கடை வெச்சிருக்கான் ஷோயப், ஞாபகம் இருக்குதா, முன்ன என்கிட்ட ஃபினிஷிங்ல வேலை செஞ்சவன், உனக்கு ஸ்ப்ரே புடிக்கற கை இல்லடான்னு எல்லார் எதிர்லயும் நான் சொல்லப் போயி வேலைய விட்டுட்டுப் போனவன். வேற வழி இல்லாம அவன்கிட்ட எடுத்துக்கினு போனேன். வாங்க உஸ்தாத்னு நாற்காலி போட்டான். சுரண்டி எடுத்துட்டு காருக்கு அடிக்கிற சிவப்பையும் மேல கெட்டிக் கோட்டும் அடிச்சித் தர்றேன், மூணு நாள்ல நகத்தால கீறினாலும் விழாதுன்னான். கையில வாங்கினதும் ஒரு தடவு தடவினான். உஸ்தாத், இதுல சிலிக்கான் ஏதாவது பட்டிருக்குதா, பட்டிருந்தா இப்பவே சொல்லிடுங்க, எங்க லைனுக்கு அது விஷம்னு கேட்டான். கலை, சொல்லியிருக்கலாம். அவன் கடை, அவன் எதிர்ல அவன்கிட்ட வேலை செய்யற பசங்க நிக்கறாங்க, நான் முப்பத்தோரு வருஷம் கன் புடிச்சவன்கிட்டக் கேக்கற கேள்வியாடா இதுன்னு சொல்லிட்டேன். அவனும் நம்பி அடிச்சான். அடிச்ச அஞ்சு நிமிஷத்துல சிவப்பு அங்கங்க விலகி விலகி மீன் கண்ணு மாதிரி குழி குழியா ஆயிடுச்சி. மரத்துல ஏறின சிலிக்கான் மேல எந்தப் பெயிண்டும் நிக்காது. தின்னர்ல தப்பு இருக்கும், காத்துல ஈரம் இருக்கும்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன், அவனும் முழுநாள் தேய்ச்சித் திரும்ப அடிச்சான், திரும்பவும் குழி. மறுநாள் காலையில அதே கன்னால ஒரு வாடிக்கைக்காரரோட கார் கதவுக்கு அடிச்சிருக்கான், அதுலயும் குழி. கன்னு, ஓஸ் எல்லாத்துலயும் சிலிக்கான் புடிச்சிக்கிச்சி. அந்தக் கார்க்காரர் கடை வாசல்ல நின்னு அவன நாலு பேர் கேக்க ஏசினாரு. நான் அங்கதான் பெஞ்சில உக்காந்திருந்தேன், கிட்டார் ஆச்சான்னு கேக்க வந்தவன். அவர் போனப்புறம் எழுந்து, ஷோயப், நான்தான் கலந்தேன்னு சொன்னேன். அவன் கத்தியிருந்தா பரவால்ல. டீ சொல்லி அனுப்பினான், எனக்கு ஒண்ணு அவனுக்கு ஒண்ணு. குடிச்சி முடிச்சிட்டுச் சொன்னான், உஸ்தாத், கை எனக்கும் இருக்குது, உங்களுக்கும் இருக்குது, உங்களுக்கு வாய் ஒண்ணுதான் கம்மியா இருந்திருக்கலாம். காசு வாங்கிக்க மாட்டேன்னுட்டான். இனிமே இதுமேல யாரும் எதுவும் அடிக்காதீங்க, வெறும் மரமா போகட்டும்னு சொல்லி துணியில சுத்திக் குடுத்தான்.

வீட்டுக்கு வந்து தின்னுட்டுப் படுத்துட்டேன். சஹர் கிளம்ப ஒரு வாரம்தான் இருக்குது. அனுப்ப வேணாம், வழியில திருடு போயிடுச்சின்னு சொல்லிடலாம்னு ஒரு யோசனை வந்துச்சி, மறைக்கல, வந்துச்சி. சுங்கத்துல புடிச்சிக்கிட்டாங்கன்னு சொன்னா இன்னும் பொருத்தமா இருக்கும்னு கூட யோசிச்சேன். வாய் விட்டு உன் சித்திகிட்டச் சொல்லவும் சொன்னேன். அவ சொன்னா, அந்தப் பொண்ணு தலகீழா புடிச்சிக்கினு மேடையில நிக்கும், நீ இங்க சுங்கத்துக்காரனத் திட்டிக்கினு உக்காந்திரு, அவ்வளவு தானேன்னு. சொல்லிட்டுத் தைக்க எடுத்து வெச்ச தோலையெல்லாம் ஓரமா தள்ளினா. தின்னர் வாசனை உனக்கு ஆகாது, அந்த முக்காலியில தள்ளி உக்காரு, சொல்லு, நான் பண்றேன்னா. விரல்ல துணி சுத்திக்கினு, பின்கட்டுல ஷீட்டுக்குக் கீழ, ரெண்டு பக்கெட்டுக்கு நடுவுல உக்காந்து அந்தக் குழி விழுந்த சிவப்பத் தேய்ச்சி எடுக்க ஆரம்பிச்சா. முதல்ல துணி, அப்புறம் கரடு காகிதம், அப்புறம் நைஸ் காகிதம். மூணு நாள். மூணு நாளும் ஒரு ஜோடி ஷூ தைக்கல. முதல் அரை மணி நேரம் இப்படித் தேய், மர ரேகையோட போ, அழுத்தாதன்னு நான் சொல்லிக்கினே இருந்தேன். அப்புறம் சொல்றத நிறுத்திட்டேன், எனக்கு மேல நல்லா பண்ணிக்கினு இருந்தா. மூணாவது நாள் சாயந்திரம் திருப்பித் திருப்பிப் பார்த்தா, ஒரு இடத்துல காகிதத்த மடிச்சி இன்னொரு தேய்ப்புத் தேய்ச்சிட்டு, போதும்னா. வெறும் மரம். ரேகைக்குள்ள மட்டும் லேசா ரோஸ் கலர் நிக்குது, அது போகாது.

முந்தாநாள் ஹமீத் பாய் குடோனுக்கு எடுத்துக்கினு போயி எல்லாத்தையும் திரும்பப் பூட்டினோம். போன்ல ஒரு ஆப்பு போட்டு நாலு கம்பியையும் சுருதி சேர்த்தோம், அவர் திருகினாரு, நான் பச்சை விளக்கு வருதான்னு பார்த்தேன். அவரோட பெரிய கல்யாண ஸ்பீக்கர் பாக்ஸுல சொருகினாரு. அவருக்குத்தான் காது கேக்காதே, பாக்ஸு மேல ரெண்டு உள்ளங்கையையும் வெச்சிக்கினு, ம்ம், தட்டுன்னாரு. உன் போட்டோவுல நீ புடிக்கிற மாதிரியே நானும் இடதுகைப் பழக்கமா திருப்பிப் புடிச்சிக்கினு, தடிக் கம்பிய ஒரு தட்டு தட்டினேன். எனக்கு வயித்துல கேட்டுச்சி. ஹமீத் பாய் கண்ண மூடிக்கினு, இன்னொண்ணு, அடுத்தது, இன்னொண்ணுன்னு நாலையும் தட்ட வெச்சாரு. கைய எடுக்கல. அதுக்குள்ள பக்கத்து வளையல் கடை அஃப்ஸர் ஜஹான் வந்து, பாய், இன்னா பண்றீங்க உள்ள, என் கடையில கண்ணாடி வளையலெல்லாம் தானா ஆடுதுன்னு கேட்டாங்க. அவங்களையும் ஒரு தட்டு தட்டச் சொன்னோம், வெக்கப்பட்டுக்கினு தட்டிட்டு சிரிச்சிக்கினே ஓடிட்டாங்க. இதுல நான் ஒண்ணும் சேர்க்கல கண்ணு. வளையல் ஆடினது நிஜம், உன் சித்தியும் அங்க இருந்தா.

இப்ப விஷயத்துக்கு வர்றேன், கையும் நோவுது. கிட்டார் நேரா இருக்குது, நல்லா பேசுது, ஆறாம் தேதி நீ தைரியமா மாட்டிக்கினு நிக்கலாம். ஆனா பார்க்க நோட்டீஸ்ல போட்ட மாதிரி இருக்காது, கடையில பாதி வேலையில எடுத்துக்கினு வந்த மாதிரி இருக்கும். வெறும் மரம், அதனால ஈரக் கை வெக்காத, வேர்வை பட்டா உலர்ந்த துணியால துடை, அங்க எவனாவது பாலிஷ் போட்டுத் தர்றேன்னு சொன்னா உள்ள சிலிக்கான் இருக்குதுன்னு முதல்லயே சொல்லிடு, நான் ஷோயப்புக்குச் செஞ்சத நீ யாருக்கும் செஞ்சிடாத. குளிர்ல கழுத்து கொஞ்சம் வளையும்னு காகிதத்துல போட்டிருக்குது, அதுக்குத் திருகற சின்னச் சாவியத் தோள் பட்டையில சுத்தி வெச்சிருக்கேன், அவசரப்பட்டு முழுசா திருகாத, கால் சுத்து போதும். தோள்ல மாட்டற பட்டை உன் சித்தி தைச்சது, ரெண்டு தையல், அவ ஷூ தைக்கிற அதே நூல்தான், அறுந்து போவாது. நீளம் ஜாஸ்தியா விட்டிருக்கா, நீ இளைச்சிருப்பியோ பருத்திருப்பியோ தெரியலன்னா. ரெட்டை டூட்டி போடாத. ஹீட்டருக்குப் பக்கத்துல தலைய வெச்சித் தூங்காத. நிகழ்ச்சி அன்னிக்கு முன்னாடி ரெண்டு நாள் லீவு கேளு, குடுக்கலன்னா சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லு, பாதி நிஜம்தான்.

அங்க இருக்கறவங்க கேப்பாங்க. நோட்டீஸ்ல சிவப்பா இருந்துச்சே, இது இன்னா, அதுவா இதுன்னு கேப்பாங்க. நீ என் மேல இருக்கற பாசத்துல ஏதாவது சொல்லி மூடப் பார்ப்பே, இதுதான் இப்ப ஃபேஷன், எங்க ஊர்ல இப்படித்தான், வேணும்னே வெறும் மரமா கேட்டேன்னு. நீ சொல்லுவே, எனக்குத் தெரியும், என் வீட்ல வளர்ந்த பொண்ணு. சொல்லாத. மழை மேலயும் டின் மேலயும் நான் போட்ட பழிய எடுத்துடு, மழை ஒண்ணும் பண்ணல, டின் தோலுக்குன்னு வந்தது, அது தன் வேலைய ஒழுங்காத்தான் செஞ்சிது. எங்க சித்தப்பா நல்லா பண்றேன்னு சொல்லி வாங்கினாரு, வர்ணத்தக் கெடுத்துட்டாரு, எங்க சித்தி தேய்ச்சி எடுத்தாங்கன்னு சொல்லு. அப்படியே சொல்லு, அந்த வார்த்தையில சொல்லு. அதுக்கு மேல ஒண்ணு கூடச் சேர்க்காத. யாராவது சிரிச்சா சிரிக்கட்டும், நீ கம்பியத் தட்டு.

நீ தீர்க்காயுசா, கை கால் சுகத்தோட, மனசுக்கு ஏத்த வேலையும் கூட நிக்கற நாலு நல்ல மனுஷங்களுமா இருக்கணும்னு நானும் உன் சித்தியும் மனசார வாழ்த்தறோம். சஹர் பெட்டியக் குடுத்ததும் ஒரு வார்த்தை சேர்ந்துச்சின்னு மெசேஜ் போடு, நீ போடற வரைக்கும் உன் சித்தி தைக்க உக்கார மாட்டா. இதப் படிச்சப்புறம் எனக்கு எப்ப போன் பண்ணத் தோணுதோ அப்ப பண்ணு, உடனே பண்ணணும்னு இல்ல.

இப்படிக்கு,
உன்ன வளர்த்த சித்தப்பா
சம்பந்தம்